பிடரிக்குள் ஒரு ரசமட்டம்

ஜவளகிரிப் பக்கம் ராகி அறுவடை நடக்கும் நாட்களில் காட்டோர நிலங்களிலிருந்து தலைச்சுமையோடு பெண்கள் வரிசையாக வருவார்கள். பழந்துணியைச் சுருட்டி வைத்த சும்மாடு, அதன்மேல் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கதிர்க்கட்டு. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார்கள். நின்று, காலை மாற்றி வைத்து, உடம்பையே முழுசாகத் திருப்புவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப் பகுதி இது. எந்த மொழியில் கூப்பிட்டாலும் திரும்பும் விதம் ஒன்றுதான்.

அங்கிருந்து தளி வழியாக பஸ் ஏறி ஓசூர் போனால் இன்னொரு வகைக் கழுத்து. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகார ஆலை ஓசூரில் இருக்கிறது. டைட்டன் எட்ஜ் கடிகாரத்துக்குள் ஓடும் இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர்தான். அந்த அளவிலான உறுப்புகளை இடுக்கியால் எடுத்து வைக்கும் வேலையில் தலை குனிந்தபடியே நிற்க வேண்டும். மூச்சு விடுகிற அசைவுகூடக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும்.

சுமை தூக்கும் கழுத்தும் குனிந்திருக்கும் கழுத்தும் பிடரியின் அடியாழத்தில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மண்டையோடு முடிந்து முதுகெலும்பு தொடங்கும் அந்தச் சந்தில், நடுக்கோட்டுக்கு இரு புறமும், சில கிராம் எடையைத் தாண்டாத ஒரு ஜோடித் தசை இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் அதற்கு ரெக்டஸ் கேபிடிஸ் போஸ்டீரியர் மைனர் என்று பெயர். லத்தீனைப் பிரித்தால் ஒன்றும் மர்மமில்லை: நேரானது, தலையைச் சேர்ந்தது, பின்னால் இருப்பது, இரண்டில் சிறியது. இந்தக் கட்டுரைக்குச் சிறு நேர்த்தசை என்பதே போதும்.

இந்த மாதிரிப் பெயர்களைத் தமிழில் சொல்லிப் பார்க்கும் முயற்சி புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தார். கிரே எழுதிய உடற்கூற்று நூல் லண்டனில் வெளியானது 1858இல். அதன் தமிழ் வடிவத்தை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872இல் கொண்டுவந்துவிட்டார் கிரீன். உச்சி முதல் உள்ளங்கால் வரை உடம்பின் உறுப்புகளைச் சொல்வது என்ற பொருளில் அங்காதிபாதம் என்பதைவிட அழகான சொல் அனாட்டமிக்கு இதுவரை அமையவில்லை. நூற்றைம்பது ஆண்டு கழித்து நாம் ‘அனாட்டமி’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது வேறு கதை.

தசை இருக்கும் இடத்தைக் கையாலேயே தேடலாம். தலைக்குப் பின்னால், மண்டையோட்டின் மேடு முடிகிற இடத்தில், நடுவில் ஒரு குழி விழும். எண்ணெய் தேய்க்கும்போது பாட்டிமார் கட்டைவிரலை அழுத்துகிற குழி. விரல் அங்கே முதலில் தொடுவது ட்ரபீசியஸ் என்ற பெரிய மேல்தசையை. அதற்கடியில் தலையைச் சாய்க்கும் பட்டைத் தசை, அதற்கும் அடியில் தூண்போலத் தடித்த இன்னொன்று. இந்த மூன்று அடுக்குக்கும் கீழே, எலும்போடு ஒட்டினாற்போல நான்கு ஜோடிக் குட்டித் தசைகள் கிடக்கின்றன: நேரானவை இரண்டு, சாய்ந்தவை இரண்டு. இவற்றில் மூன்று சேர்ந்து ஒரு முக்கோணத்தை வரைகின்றன. அறுவை மருத்துவர்களுக்கு மிக முக்கியமான முக்கோணம் அது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முள்ளெலும்புத் தமனி அதற்குள்ளேதான் வளைந்து செல்கிறது. நம் சிறு நேர்த்தசைக்கு அந்த முக்கோணத்தில் இடமில்லை. அதற்கு வெளியே, நடுக்கோட்டை ஒட்டித் தனியாகக் கிடக்கிறது. பழைய பாடநூல்கள் இதை இரண்டு வரியில் முடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அது கிளம்புவது கழுத்தின் முதல் எலும்பிலிருந்து. கிரேக்கக் கதையில் வானத்தைத் தோளில் தாங்குபவன் பெயரை அந்த எலும்புக்கு வைத்து அட்லஸ் என்கிறார்கள். நம் பக்கத்தில் பெயர் வைத்திருந்தால் ஆதிசேஷன் ஆகியிருக்கும். மற்ற முள்ளெலும்புகளுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முள் அட்லஸுக்குக் கிடையாது. அது ஒரு வளையம்; பின்பக்கம் நடுவில் சின்ன முண்டு மட்டும் உண்டு. அந்த முண்டிலிருந்து ஒரு தசைநாணாகத் தொடங்கி, விசிறிபோல் விரிந்து மேலேறி, மண்டையோட்டின் அடியில், தண்டுவடம் இறங்கும் பெருந்துளைக்குச் சற்றுப் பின்னால் போய்ப் பற்றிக்கொள்கிறது சிறு நேர்த்தசை. மொத்தப் பயணமும் ஓரிரு அங்குலத்துக்குள். முள் இல்லாதது தற்செயல் அல்ல. அங்கே ஒரு முள் நீட்டியிருந்தால் அண்ணாந்து பார்க்கும்போது மண்டையோட்டில் இடித்திருக்கும்.

இந்தச் சிறு தசை என்ன வேலை செய்கிறது? ‘தலையைப் பின்னால் சாய்க்கிறது’ என்று பாடநூல் சொல்லும். வளர்ந்த மனிதரின் தலை நாலரை முதல் ஐந்து கிலோ. அதன் பாரம் கழுத்து மூட்டுக்குச் சற்று முன்னால் விழுகிறது. அதனால்தான் ஜவளகிரி பஸ்ஸில் தூங்கி வழிகிறவரின் தலை பெரும்பாலும் முன்னால் சரிகிறது. அந்த ஐந்து கிலோவை இழுத்து நிறுத்தப் பின்கழுத்தில் பெருந்தசைகள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் சிறு நேர்த்தசையின் இழுவிசை யானை இழுக்கும் மரத்தை ஆட்டுக்குட்டியும் சேர்ந்து இழுக்கிற மாதிரி.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹால்கிரனும் கூட்டாளிகளும், மெல்லிய கம்பி மின்முனைகளை உள்ளே செலுத்தி இந்தத் தசையின் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். தலையை நேர்கோட்டில் பின்னுக்கு இழுக்கும்போது அது விழித்துக்கொள்வது தெரிந்தது. அதாவது, பிசியோதெரபி நிபுணர்கள் ‘தாடையை உள்ளே இழுங்கள்’ என்று சொல்லித்தரும் அதே அசைவு. ஆனாலும் சுமை தூக்கும் கூலியாகத்தான் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றால், இவ்வளவு சின்னக் கூலியை இயற்கை ஏன் வேலைக்கு வைத்தது என்ற கேள்வி நின்றுகொண்டே இருக்கும்.

பதிலின் ஒரு பகுதி வேலூரில் கிடைத்தது. ஓசூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டினால் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் 1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அதே கல்லூரியைச் சேர்ந்த குல்கர்னி, இன்னொரு சாண்டி, பாபு என்ற மூவர் 2001இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்ட பொருள், மனிதக் கருவின் பிடரி அடித் தசைகள். மெல்லிய சீவல்களாக வெட்டி, நிறமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து அவர்கள் எண்ணியது ஒன்றே ஒன்றை: தசைக்கதிர்கள்.

இங்கே கதிர் என்பது ராகிக் கதிர் அல்ல, நூல் நூற்கும் கதிர். நடுவில் பருத்து இரு முனையும் கூர்த்த ஓர் உறை. உள்ளே சில நுண்ணிய இழைகள். அவற்றைச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு முனை. தசை நீளும்போது கதிரும் நீளும், சுருள் விரியும், எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகத்தில் நீண்டது என்ற செய்தி அந்தக் கணமே தண்டுவடத்துக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிகிறதே, அது கைத்தசையில் இருக்கும் இந்தக் கதிர்கள் தருகிற வசதிதான். கதிர் அதிகம் உள்ள தசை அளப்பதற்கென்று அமைந்த தசை.

வேலூர்க் கணக்கின்படி, ஒரு கிராம் எடைக்குக் கீழ்ச் சாய்தசையில் 242 கதிர்கள், மேல் சாய்தசையில் 190, பின்புற நேர்த்தசையில் 98. இடம் வலம் வித்தியாசம் பெரிதாக இல்லை. இந்த எண்கள் எவ்வளவு பெரியவை என்பது பக்கத்தில் வேறொன்றை வைத்தால்தான் புரியும். வளர்ந்தவர்களின் தசைகளில் பெக், பக்ஸ்டன், நிட்ஸ் என்ற மூவர் 1984இல் எண்ணியபோது, சிறு நேர்த்தசையில் கிராமுக்கு 36, அதன் அண்ணன் பெரிய நேர்த்தசையில் 30.5, மேலே உள்ள பட்டைத் தசையில் 7.6 கதிர்கள் இருந்தன. உடம்பின் மிகப் பெரிய தசையான பிட்டத் தசையில்? கிராமுக்கு ஒன்றுகூட இல்லை, 0.8.

வேலூர் எண்ணுக்கும் மற்றதற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து மலைக்க வேண்டாம். கதிர்கள் கருவிலேயே உருவாகிவிடும். பிறகு தசைதான் பருக்கும். அதனால் சிசுவின் தசையில் எடைக்கு எண்ணிக்கை கூடத்தான் இருக்கும். இதைவிடக் கறாரான ஆட்சேபம் ஒன்றும் உண்டு. சின்னத் தசை எதை எடுத்தாலும் எடைக் கணக்கில் கதிர் அதிகமாகவே தெரியும். குறுகலான வீட்டில் ஒரே ஒரு விளக்கு போட்டாலும் வெளிச்சம் கூடத் தெரிவதுபோல. ராபர்ட் பாங்க்ஸ் 2006இல் இந்தக் கோணலை நிமிர்த்த, தசையின் பருமனுக்கு ஏற்ப எவ்வளவு கதிர் எதிர்பார்க்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டார். அந்தச் சலுகையைக் கழித்த பிறகும் பட்டியலின் உச்சியில் நின்றவை கழுத்தின் ஆழ்தசைகளே. ஆகவே வேலூர் மூவர் எண்ணியது எடைத்தராசு செய்த மாயம் அல்ல.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது செங்கல் வரிசைமேல் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டும். ரசமட்டம் சுவரைத் தாங்குவதில்லை. சிறு நேர்த்தசையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயம் ஒழுங்குக்கு வருகிறது. உள்காதில் ஒரு சமநிலைக் கருவி உண்டு. ஆனால் அதற்குத் தலை சாய்ந்திருப்பது தெரியுமே தவிர, தலை மட்டும் சாய்ந்ததா, உடம்போடு சேர்ந்து சாய்ந்ததா என்று தெரியாது. அந்த வித்தியாசத்தைச் சொல்ல கழுத்து வேண்டும். 1977இல் டி யோங் குழுவினர் கழுத்தின் மேல்பகுதியில் மரப்பு ஊசி போட்டுச் சோதித்தார்கள். மனிதர்களுக்குத் தள்ளாட்டம் வந்தது, விழுந்துவிடுவோம் என்ற உணர்வு வந்தது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லை, காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கழுத்திலிருந்து போகும் தகவல் நின்றது, அவ்வளவுதான்.

சும்மாட்டின்மேல் கதிர்க்கட்டு வைத்த பெண் கழுத்தைத் திருப்பாத காரணத்தை இப்போது வேறு கோணத்தில் பார்க்கலாம். கட்டின் பாரம் நேராகக் கழுத்தெலும்பின்மேல் இறங்கும்வரை தசைகளுக்கு வேலை குறைவு. சற்றே சரிந்தால் போதும், பாரம் நெம்புகோலாகிவிடும். சரியத் தொடங்கிய அந்த நூலிழையை முதலில் உணர்ந்து சொல்ல வேண்டிய இடம் மண்டைக்கும் அட்லஸுக்கும் நடுவில் இருக்கிறது. கழுத்தின் சுழற்சியில் ஏறக்குறையப் பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. அங்கே திருப்பினால் அளவுகோலையே ஆட்டிவிட்டு அளப்பதுபோல் ஆகும். அவள் காலை மாற்றி வைக்கிறாள்.

தலைச்சுமையை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. 1997இல் சியரா லியோனில் எடுத்த எக்ஸ்ரே ஆய்வு, தலையில் சுமப்பவர்களின் கழுத்தெலும்பில் தேய்மானம் கூடுதல் என்று காட்டியது. ‘எங்கள் பாட்டி எண்பது வயதுவரை விறகு சுமந்தாள், ஒன்றும் ஆகவில்லை’ என்று ஊரில் சொல்வார்கள். வலித்ததா என்று பாட்டியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சிறு நேர்த்தசையின் கதையில் இன்னொரு திருப்பம் 1995இல் வந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவர் கேரி ஹாக், பிணக்கூறு மேசையில் வழக்கத்துக்கு மாறாக ஒரு காரியம் செய்தார். பிடரியைப் பின்னாலிருந்து அடுக்கடுக்காக உரிப்பதுதான் காலங்காலமாக வரும் முறை. அப்படி உரிக்கும்போது, கத்தி ஆழத்துக்குப் போவதற்குள் நுணுக்கமான இணைப்புகள் அறுந்துவிடும். ஹாக் குழுவினர் தலையை நடுவாக, பலாப்பழத்தைப் பிளப்பதுபோல, இடம் வலமாகப் பிரித்துப் பக்கவாட்டில் பார்த்தார்கள். சிறு நேர்த்தசையின் அடியிலிருந்து ஒரு நார்க்கற்றை புறப்பட்டு, மண்டைக்கும் அட்லஸுக்கும் இடையிலுள்ள சவ்வைக் கடந்து, தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் டியூரா என்ற கெட்டி உறையோடு சேர்வது தெரிந்தது. தசை ஒன்று தண்டுவடத்தின் உறையோடு நேரடித் தொடர்பு வைத்திருக்கிறது!

இது முற்றிலும் கன்னி நிலம் அல்ல. 1929இலேயே ஜெர்மன் உடற்கூற்றாளர் ஃபான் லான்ஸ் தண்டுவட உறைகளைப் பற்றி எழுதும்போது இந்தப் பக்கம் கை காட்டியிருக்கிறார். எத்தனையோ பேர் பார்த்தும் பார்க்காமல் கடந்தது, ஒரு பல் மருத்துவர் கத்தியை வேறு திசையில் பிடித்ததும் உலகச் செய்தியானது. நூற்றாண்டுகளாக லட்சக்கணக்கான மாணவர்கள் அறுத்துப் படித்த மனித உடம்பில் இப்படி ஒன்று மிஞ்சியிருந்தது என்றால், நம் அறிவு எந்த அளவுக்குக் கத்தி போகும் பாதையைப் பொறுத்தது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

இந்த இணைப்புக்குத் தசை–உறைப் பாலம் என்று பெயர். பாலம் எதற்கு? அண்ணாந்து பார்க்கும்போது பின்பக்கத்தில் டியூரா உறை தளர்ந்து மடிப்பு விழ வாய்ப்புண்டு; அந்த மடிப்பு தண்டுவடத்தை அழுத்தாமல் தசை அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது என்பது ஒரு விளக்கம். குடைத்துணி மடியாமல் கம்பி விறைப்பாக வைத்திருப்பதுபோல. சீனாவின் தாலியன் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சுயி ஹோங்ஜின் தலைமையிலான குழு இதைத் தாண்டிப் போனது. பாலம் மூளைத் தண்டுவடத் திரவத்தை ஓட்டும் பம்பாகவும் இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். 2016இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்களைத் தலையைச் சுழற்றச் சொல்லி, முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அந்தத் திரவத்தின் ஓட்டம் மாறியிருந்தது. கோழி, கடல்பன்றி என்று பல உயிர்களிலும் இதே பாலத்தைத் தேடிக் கண்டார்கள். தலை சுழற்றலில் கழுத்தின் எல்லாத் தசையும் அசைகிறது, ரத்த ஓட்டமும் மாறுகிறது. பம்படித்தது இந்தத் தசைதான் என்று அடித்துச் சொல்ல அந்தப் படங்கள் மட்டும் போதாது. ஊகம் கவர்ச்சியானது, அவ்வளவே.

தலைவலிக்கும் இதற்கும் முடிச்சுப் போடும் ஆய்வுகள் ஏராளம். 2004இல் ஹாக்கும் ஹால்கிரனும் எழுதிய ஒரு நோயாளியின் வரலாறு அதில் பேர்போனது: அறுவையில் தசைக்கும் உறைக்கும் இருந்த இணைப்பைத் துண்டித்ததும் தீராத தலைவலி தணிந்தது. ஒரே ஒரு நோயாளி என்பதை மறக்கக் கூடாது. மற்றபடி, நாள்பட்ட தலைவலிக்காரர்களிடம் இந்தத் தசை மெலிந்திருக்கிறது என்று ஸ்பெயினில் 2007இல் சொன்னார்கள்; பருத்திருக்கிறது என்று தாலியனில் 2017இல் சொன்னார்கள். இரண்டு பேரும் எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துத்தான் சொன்னார்கள். வலியால் தசை மாறியதா, தசை மாறியதால் வலியா என்ற பழைய வழக்கு தீர்ப்பாகாமல் கிடக்கிறது. ஓரளவு உறுதியாகத் தெரிவது வேறொன்று. வாகன மோதலில் கழுத்து முன்னும் பின்னும் வெட்டி இழுபட்டு, வலி நீடித்த பெண்களை ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் எலியட் குழு 2006இல் படமெடுத்தது. அவர்களுடைய கழுத்தின் ஆழ்தசைகளில், அதிலும் குறிப்பாக இந்த நேர்த்தசைகளில், சதைக்குப் பதில் கொழுப்பு ஊடுருவியிருந்தது. கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து இடிபட்ட காருக்குள் இருந்தவர், ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் தலை ஒரு நிதானத்தில் இல்லை’ என்று மாதக்கணக்கில் சொல்வாரே, அதை நடிப்பு என்று தள்ளிவிட இனி முடியாது.

வலி ஏன் பிடரியில் நிற்காமல் கண்ணுக்கும் நெற்றிக்கும் ஏறுகிறது? சிறு நேர்த்தசைக்கு வரும் நரம்பு, கழுத்தின் முதல் நரம்பின் பின்கிளை. பொதுவாக அதற்குத் தோலில் கிளை கிடையாது. ஆகவே ‘இந்த இடத்தில் வலிக்கிறது’ என்று விரல் வைத்துக் காட்டும் வசதி அதற்கு இல்லை. போதாததற்கு, மேல்கழுத்து நரம்புகளின் செய்தியும் முகத்து நரம்பின் செய்தியும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே நிலையத்தில் வந்து இறங்குகின்றன. எந்த பஸ்ஸில் வந்த பயணி என்று மூளை குழம்பிவிடுகிறது.

இந்த இடத்தில் செல்போன் வராமல் இருக்காது. நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் ஒரு கணக்குப் போட்டார்: 60 பாகை குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ பாரம். அந்த எண் வாட்ஸப்பில் சுற்றாத குடும்பம் இல்லை. அது கணினி மாதிரியில் வந்த எண். யாருடைய கழுத்துக்குள்ளும் தராசு வைத்து எடுத்ததல்ல. கடிகார ஆலையிலோ மின்னணு உறுப்பு கோக்கும் வரிசையிலோ எட்டு மணி நேரம் குனிந்தவருக்குப் பாரத்தைவிடப் பெரிய தொல்லை அசையாமை. ரசமட்டத்தைச் சாய்வாகவே கட்டிப்போட்டு வைத்தால் சாய்வே நேராகத் தோன்ற ஆரம்பித்துவிடும். வேலை முடிந்து எழுந்து நிற்கும்போது தலையைத் தொங்கப்போட்டே நடப்பவர்களைக் கம்பெனி பஸ் நிறுத்தத்தில் பார்க்கலாம். குனிவதில் தப்பில்லை, நாற்று நடுகிறவரும் களை எடுக்கிறவரும் குனிகிறார்கள். அவர்கள் நிமிஷத்துக்கு நாலு முறை நிமிர்ந்து பேசவும் செய்கிறார்கள்.

கழுத்து பிடித்துக்கொண்டால் ஊரில் முதல் மருத்துவமனை சலூன்தான். முடி வெட்டி, தலையில் நாலு தட்டுத் தட்டி, தாடையையும் பிடரியையும் பிடித்து ‘டக்’கென்று நெட்டி முறிப்பார்கள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முக்கோணத்துக்குள் தமனி இருக்கிறது என்றோமே, அது அட்லஸின் வளையத்தின்மேல் ஒரு பள்ளத்தில் பின்னோக்கி வளைந்து, பிறகு சவ்வைத் துளைத்து மண்டைக்குள் நுழைகிறது. தலையை வெட்டித் திருப்பினால் அந்த வளைவில் தமனியின் உட்சுவர் கிழியக்கூடும். கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டினால் பக்கவாதம். 1993இல் அமெரிக்காவில், அழகு நிலையத்தில் தலை கழுவுவதற்காகக் கழுத்தைப் பின்னால் தொங்கப்போட்ட ஐந்து பெண்களுக்கு நேர்ந்ததை மைக்கேல் வைன்ட்ராப் எழுதி, அதற்கு ‘அழகு நிலையப் பக்கவாதம்’ என்றே பெயர் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் பக்கத்து மாநிலத்துப் பல்லாரியில், சலூனில் கழுத்தைத் திருப்பியதற்குப் பிறகு ஓர் இளைஞருக்குப் பக்கவாதம் வந்த செய்தி நாளிதழ்களில் வந்தது. அடிக்கடி நடப்பதல்ல. ஆயினும் சலூன் நாற்காலியில் உட்காருகிறவர் ‘நெட்டி மட்டும் வேண்டாம்ணா’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில் நஷ்டமில்லை.

ஜவளகிரிக் காட்டில் வேறொரு பிடரியும் நடமாடுகிறது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டாவிலிருந்து ஆண்டுதோறும், ராகி முற்றும் பருவத்தை ஒட்டி, யானைகள் கூட்டமாக இந்தக் காட்டுக்குள் இறங்குகின்றன. ஓசூர் வனக்கோட்டத்தின் காடுகளில் ஒரு பெரும் பகுதி 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமானது. யானைக்கும் கழுத்தெலும்பு நம்மைப்போல் ஏழுதான். தட்டையாக நெருக்கி அடுக்கியவை. அந்தப் பெருந்தலையை இரவும் பகலும் தாங்குவது சதை அல்ல. பிடரி நாண் என்ற தடித்த, இழுவைத்தன்மையுள்ள கயிறு மண்டையோட்டின் பின்னால் ஓர் ஆழக்குழியில் வந்து பதிந்திருக்கிறது. சும்மா தொங்கினாலே தாங்கும். சோறு கேட்காத வேலையாள். நிமிர்ந்து நடக்கும் மனிதனுக்கு அந்த நாண் மெல்லிய தகடாகச் சுருங்கிவிட்டது. நம் தலை ஒரு கம்பத்தின்மேல் வைத்த குடம். அது கவிழாமல் இருக்கக் கயிறு உதவாது, ஓயாத கவனிப்பு வேண்டும். யானையால் தலையை அதிகம் திருப்ப முடியாது, அதற்குத்தான் தும்பிக்கை. மனிதனுக்குத் தும்பிக்கை இல்லை, கண் இருக்கிறது. அந்தக் கண்ணோடு பிடரித் தசைகளுக்கு ஒரு ரகசிய உறவு உண்டு.

அந்த உறவை 1988இல் பிகே, டொனால்ட்சன், ஹைன், ஜானரோ நால்வரும் காட்டினார்கள். இருட்டறை. எதிரே அசையாத ஒரே ஒரு ஒளிப்புள்ளி. உட்கார்ந்திருப்பவரின் பின்கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் அதிர்வுக் கருவியை வைத்தார்கள். அதிர்வு தசைக்கதிர்களைத் தூண்டும். தசை நீள்கிறது என்று அவை பொய்த் தகவல் அனுப்பும். தலை அசையவில்லை, புள்ளியும் அசையவில்லை. ஆனால் பார்ப்பவர், புள்ளி நகர்கிறது என்றார். உலகம் எங்கே நிற்கிறது என்பதைக் கண் மட்டும் முடிவு செய்வதில்லை, பிடரியிடமும் கேட்டுக்கொள்கிறது.

ராகி முற்றிய காலத்தில் காட்டோர நிலங்களில் பரண் கட்டி இரவெல்லாம் காவல் இருப்பார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டார்ச்சை அணைத்து வைத்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்புவதில்லை. முதலில் கண்தான் அந்தப் பக்கம் போகும். அந்த நேரத்தில் அவருடைய பிடரிக் குழியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தால், தலை அசையாமலே உள்ளே ஏதோ இறுகுவது தெரியும். இதைச் சோதிக்கப் பரண் ஏற வேண்டியதில்லை. நாற்காலியில் சாய்ந்து, விரலைப் பிடரியில் பதித்து, தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் இடமும் வலமும் ஓட்டினால் போதும். எந்தத் தசை எது என்று விரலால் பிரித்தறிய முடியாது, மேலே மூன்று அடுக்கு இருக்கிறது. ஆனால் விரலுக்கு அடியில் வேலை நடந்துகொண்டிருக்கும். பரணில் இருப்பவர் இப்போது டார்ச்சைப் போடுகிறார். வெளிச்சம் ராகிக் கொல்லையைத் தாண்டி மூங்கில் புதர்வரை போய் நிற்கிறது, கழுத்து அதற்குப் பிறகுதான் திரும்புகிறது.